ஸ்டென்ட் வைத்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். லெட்ஜர், கேஷ் கவுண்ட்டர், கிளியரிங், இவ்வளவுதான் என் உலகம். அப்படிப்பட்டவன் ரத்தக் குழாயைப் பற்றிப் பேச வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன வருஷம் எனக்கு ஸ்டென்ட் வைத்தது உங்களில் பலருக்குத் தெரியும். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சும் மாதுளையும் ஒரு மாதம் வரை தீரவில்லை. மூன்று மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டேன். காலையில் ஊசுட்டேரிக் கரையில் பழையபடி நடக்க ஆரம்பித்தேன். ஒரே தொல்லை அந்த இரண்டு மாத்திரைகள். ஆஸ்பிரின் ஒன்று, குளோபிடோக்ரெல் ஒன்று. பல் விளக்கினால் ஈறில் ரத்தம். கதவில் லேசாக இடித்துக்கொண்டால் கையில் நீலமாகக் கன்றிப்போகிறது. அடைப்பைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு இந்த மாத்திரை என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இரண்டாவதை நிறுத்திவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

அந்த வாரம்தான் என்னோடு வேலை பார்த்த நண்பரைப் பற்றிச் செய்தி வந்தது. அவருக்கு ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம். பல் பிடுங்க வேண்டியிருந்தது. ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று பயந்து, யாரையும் கேட்காமல் இரண்டு மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார். பல் பிடுங்கி எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. திரும்ப ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்கலாம் என்று நாள் தள்ளிப்போயிருக்கிறது. பத்தாவது நாள் விடியற்காலை ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பலம் பாதியாகிவிட்டது. இரண்டாவது மாடியில் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார்.

மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு என் டாக்டரிடம் போனேன். "உள்ளே புண் இன்னும் ஆறவில்லை சார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புண்ணா? எனக்குத்தான் ஒரு தையல்கூடப் போடவில்லையே! மணிக்கட்டில் ஒரு ஊசிக் குத்துதானே! அன்று தொடங்கி, உயிர்வேதியியல் படித்த என் மகளைத் தொந்தரவு செய்து, படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ரத்தக் குழாய் என்றதும் பிவிசி பைப் போல நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது உயிருள்ள சுவர். நடுவில் தசை அடுக்கு. மென்தசைச் செல்கள் என்று பெயர். குழாயை இறுக்குவதும் தளர்த்துவதும் அவற்றின் வேலை. உள்பக்கம், ரத்தம் தொடும் இடத்தில், ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம். எண்டோதீலியம் என்கிறார்கள். நாம் உள்வரிப் படலம் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் இருக்கும் அத்தனை ரத்தக் குழாய்க்கும் இந்தப் படலம் உண்டு. இவ்வளவு மெல்லியது எவ்வளவு வேலை செய்கிறது என்று படித்தபோது, எங்கள் கிளையில் இருந்த ஒரு தலைமை கேஷியர் அம்மா நினைவுக்கு வந்தார். சத்தமே போடமாட்டார். அவர் லீவு போட்ட அன்றுதான் கிளையே தடுமாறும்.

இந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை இம்மி இம்மியாகச் சுரக்கிறது. அது பக்கத்தில் இருக்கும் தசையிடம் "தளர்ந்து இரு" என்கிறது, ரத்தத்தில் ஓடும் பிளேட்லெட்டுகளிடம் "ஒட்டாதே, போய்க்கொண்டே இரு" என்கிறது. டெங்கு காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான அதே பிளேட்லெட்தான், தட்டணு. படலத்திலிருந்து தசைக்கு இப்படி ஒரு செய்தி போகிறது என்று 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் கண்டுபிடித்தார். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது நைட்ரிக் ஆக்சைடு என்பது பிறகு தெரிந்தது. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இந்த வாயுவை நம்பித்தான் வேலை செய்கிறது.

சரி, அடைப்பு எடுக்கும்போது இந்தப் படலத்துக்கு என்ன ஆகிறது? சுருங்கிய இடத்தில் பலூனைக் கொண்டுபோய் ஊதுகிறார்கள். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு காற்றழுத்தம். அடைப்பு நசுங்கி வழி கிடைக்கிறது. அதே நேரத்தில் உள்வரிப் படலம் உரிந்துபோகிறது, சுவரில் அங்கங்கே கீறல் விழுகிறது. வழி கிடைத்ததும் காயம் பட்டதும் ஒரே நிமிஷத்தில். இதைத்தான் டாக்டர் புண் என்றார்.

காயம் ஆறும் விதத்தைப் பாகூர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலின் கரை ஓரிடத்தில் அரித்துப் போகிறது என்று வையுங்கள். முதலில் என்ன செய்வோம்? மணல் மூட்டை அடுக்குவோம். பிறகு மண் கொட்டி அணைப்போம். கடைசியில் இரண்டு பக்கத்திலிருந்தும் அறுகம்புல் படர்ந்து கரையைப் பிடித்துக்கொள்ளும். புல் படர்ந்தால்தான் அது கரை. அதுவரை வெறும் மண்.

ரத்தக் குழாயிலும் இதே வரிசைதான். படலம் உரிந்ததும் அடியில் இருக்கும் கொலாஜன் நார் வெளியே தெரிகிறது. ரத்தத்தில் மிதக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் அதில் போய் மாட்டிக்கொண்டு, ஓடுகிற பிளேட்லெட்டுகளைக் கொக்கி போட்டு இழுக்கிறது. ஒட்டிய பிளேட்லெட் சும்மா இருப்பதில்லை. ஏ.டி.பி., திராம்பாக்சேன் என்று இரண்டு ரசாயனங்களை வெளியே விட்டு, "வாங்க, வாங்க" என்று மற்றவற்றைக் கூப்பிடுகிறது. இவைதான் மணல் மூட்டைகள்.

அடுத்தது மண் கொட்டும் வேலை. பிளேட்லெட்டுகள் பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியையும் விடுகின்றன. அது நடு அடுக்கில் அமைதியாக இருந்த மென்தசைச் செல்லுக்கு உத்தரவு மாதிரி. அந்தச் செல் தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது. சுருங்கி விரியும் வேலையை விட்டுவிட்டு, கொத்தனார் வேலைக்கு மாறுகிறது. வழியில் இருக்கும் நாரை வெட்டும் நொதிகளைச் சுரந்து, உள்பக்கம் நகர்ந்து வந்து, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சுற்றிலும் புதிய நாரைக் கட்டுகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ரஸ்ஸல் ராஸ் என்பவர் 1970களில் இதைக் கண்டு சொன்னார். காயத்துக்குக் குழாய் காட்டும் எதிர்வினையே நோய்க்கும் ஆரம்பமாகிவிடுகிறது என்பது அவர் கருத்து.

ஆபத்து எங்கே என்றால், கொத்தனாருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. புல் படர்ந்து, நைட்ரிக் ஆக்சைடு திரும்பச் சுரக்க ஆரம்பித்தால் "போதும்" என்ற செய்தி வரும். புல் படரத் தாமதமானால் மண் கொட்டிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் வாய்க்கால் திரும்ப அடைத்துக்கொள்கிறது.

1977 செப்டம்பரில் சூரிச் நகரத்தில் ஆண்ட்ரியாஸ் கிரன்ட்சிக் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு இதயக் குழாயில் பலூன் ஊதினார். நோயாளிக்கு 38 வயது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவருடைய குழாய் திறந்தே இருந்தது. அவர் கொடுத்துவைத்தவர். பலூன் மட்டும் வைத்துக்கொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் திரும்ப அடைத்தது. சென்னையில் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1980களில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கிய காலத்தில் இருந்த பெரிய தலைவலி இதுதான். 1986இல் ஸ்டென்ட் என்ற கம்பி வலைக்குழாய் வந்தது. அதை முதலில் வைத்தவர் பிரான்சில், துலூஸ் நகரத்தில், ழாக் புயேல். பிரெஞ்சு சம்பந்தம் என்றால் நம்ம ஊரில் காது நிமிரும் என்பதால் சொல்கிறேன். கம்பி வலை குழாய் சுருங்குவதைத் தடுத்தது. ஆனால் கம்பி இடுக்கு வழியாகக் கொத்தனார்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

இனிமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், செயலாளர் மன்னிக்கணும்.

1964. நம் கோரிமேட்டு மருத்துவக் கல்லூரி ஜிப்மர் என்று பெயர் மாறியது அந்த வருஷம் ஜூலையில். அதே வருஷக் கடைசியில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் கடல் நடுவில் இருக்கும் ஈஸ்டர் தீவுக்குக் கப்பலில் போனது. பெரிய பெரிய கல் சிலைகள் நிற்கும் தீவு. அந்த ஊர் மக்கள் தங்கள் தீவை ராப்பா நூயி என்பார்கள். போனவர்கள் தீவின் மண்ணையும் எடுத்துவந்தார்கள். அந்த மண் மான்ட்ரியலில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்துக்கு வந்தது. அங்கே சுரேந்திரநாத் சேகல் என்று ஒரு விஞ்ஞானி. இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஷாப் ஊரில் பிறந்து, காசி இந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர். மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் சுரக்கும் பொருளை அவர் குழு பிரித்தெடுத்தது. தீவின் பெயரை வைத்து ராப்பாமைசின் என்று பெயர் வைத்தார்கள். முதலில் பூஞ்சைக்கு மருந்தாகத்தான் பார்த்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் கம்பெனி அந்த ஆய்வகத்தையே மூடியது. சேகல் அந்த நுண்ணுயிரைத் தூக்கிப் போட மனசு வராமல், வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றி, அமெரிக்காவுக்கு மாறிப் போனபோது கூடவே கொண்டுபோனார். பல வருஷம் கழித்துப் புதிய மேலதிகாரிகளைச் சம்மதிக்க வைத்து வேலையைத் திரும்ப ஆரம்பித்தார். 1999இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு மருந்தாக ஒப்புதல் கிடைத்தது. அதன் இன்னொரு பெயர் சிரோலிமஸ்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். செல்லுக்குள் எம்டார் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைக் கடன் அனுமதி அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி விண்ணப்பம் கொடுக்கிறது. செல்லுக்குள் சத்து இருக்கிறதா, சக்தி இருக்கிறதா என்று பார்த்து, "சரி, இரண்டாகப் பிரியலாம்" என்று கையெழுத்துப் போடுவது எம்டார். சிரோலிமஸ் தனியாக வந்து எதுவும் செய்ய முடியாது. எங்கள் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் சேர்ந்து வந்தால்தான் பூட்டவும் முடியும், திறக்கவும் முடியும். அதுபோல, செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் எஃப்.கே.பி.பி.-12 என்ற சின்னப் புரதத்தோடு சிரோலிமஸ் சேர்ந்துகொண்டு, இரண்டும் ஜோடியாகப் போய் எம்டாரைப் பூட்டுகின்றன. செல் சாவதில்லை. பிரிவதற்கு முந்தைய படியில் அப்படியே நின்றுவிடுகிறது. ரத்தக் குழாயின் மென்தசைச் செல்லையும் இது இப்படி நிறுத்துகிறது என்று நியூயார்க்கில் ஆண்ட்ரூ மார்க்ஸ் குழுவினர் 1995இல் காட்டினார்கள். 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்தில் எடுவார்டோ சோசா இந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டை முதலில் மனிதர்களுக்கு வைத்தார். திரும்ப அடைப்பது பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அமெரிக்காவில் அந்த ஸ்டென்ட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது 2003 ஏப்ரலில். சேகல் அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வைக்கும் ஸ்டென்ட்டுகளில் இருப்பது இந்த மருந்தோ, எவரோலிமஸ், சோட்டரோலிமஸ் என்ற அதன் பங்காளிகளோதான். சூரத்தில்கூடத் தயாரிக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு இதன் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசியதற்கு வரி நீங்கலாக 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய். பில்லைப் பார்க்கும் பழக்கம் எனக்குப் போகாது.

கதை இங்கே முடிந்திருந்தால் என் நண்பர் இன்றும் இரண்டாவது மாடியில்தான் இருந்திருப்பார்.

மருந்துக்குக் கண் கிடையாது. எம்டார் கொத்தனாரிடம் மட்டும் இல்லை. புல்லிடமும் இருக்கிறது. கரையில் மண் சேராமல் இருக்கக் களைக்கொல்லி அடித்தால் அறுகம்புல்லும் சேர்ந்துதானே வாடும்? மருந்து பூசாத ஸ்டென்ட் மேல் சில வாரங்களில் உள்வரிப் படலம் மூடிவிடுகிறது. மருந்து பூசியதில் அது மாதக் கணக்கில் தாமதமாகிறது. இதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ரேணு விர்மானி. டெல்லியில் மருத்துவம் படித்து அமெரிக்கா போன நோயியல் நிபுணர். ஸ்டென்ட் வைத்தபின் இறந்தவர்களின் ரத்தக் குழாய்களை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தவர். சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் கம்பிகள் மூடாமல் வெறுமனே இருந்தன. ரத்தம் உறைந்திருந்தது அப்படிப்பட்ட இடங்களில்தான். 2006 வாக்கில் உலகம் முழுக்க இதய மருத்துவர்கள் இதைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு கம்பிகள் மெல்லியதாயின, மருந்தைப் பிடித்து வைக்கும் பூச்சும் மாறியது. இப்போது வருபவை எவ்வளவோ மேல். ஆனாலும் புல் படர நாள் வேண்டும்.

அந்த இடைவெளியைக் காப்பவைதான் அந்த இரண்டு மாத்திரைகள். ரத்தத்தை நீர்க்க வைக்கிறது என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. ரத்தம் நீர்ப்பதே இல்லை. பிளேட்லெட்டுகள் ஒன்றையொன்று கூப்பிடும் குரல் அடைக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஆஸ்பிரின் திராம்பாக்சேனைத் தயாரிக்கும் நொதியில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. குளோபிடோக்ரெல் கல்லீரலில் போய் உருமாறி, ஏ.டி.பி.யைக் கேட்கும் காதைப் பொத்துகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது. அதனால் அடைபட்ட நொதிக்குப் பதிலாகப் புதியது செய்துகொள்ள அதற்கு வழியில்லை. ஒருமுறை முடங்கினால் அதன் ஆயுசு முழுக்க முடக்கம்தான். ஆனால் அதன் ஆயுசே ஏழு முதல் பத்து நாள். தினமும் புதிய பிளேட்லெட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் அடுத்த சில நாளில் ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பகுதி, குரலும் காதும் நன்றாக வேலை செய்யும் புதியவை. அடியில் கம்பி இன்னும் மூடாமல் இருக்கிறது. நண்பரின் பத்தாவது நாள் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பொதுவாக மாரடைப்பு வந்து வைத்தவர்களுக்கு ஒரு வருஷம், திட்டமிட்டு வைத்தவர்களுக்கு ஆறு மாதம் இரண்டு மாத்திரையும் கொடுக்கிறார்கள். அதன் பிறகு பெரும்பாலும் ஒன்று மட்டும். ரத்தக் கசிவு ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு டாக்டரே சீக்கிரம் நிறுத்துவதும் உண்டு. பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை, அந்த இடத்திலேயே அழுத்தியும் தைத்தும் ரத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதைப் பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யணும். நாமும் மருந்துக்கடைக்காரரும் பேசி அல்ல. மலம் கறுப்பாகப் போனால், ரத்தம் நிற்காமல் போனால் அன்றே டாக்டரிடம் போகணும். மாத்திரையை ஒளித்து வைப்பது அதற்கு வைத்தியம் இல்லை.

பேச்சு முடிந்ததும் மூன்று கேள்வி வந்தது. ஸ்டென்ட் துருப்பிடிக்குமா, பிறகு எடுக்கணுமா என்று பி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். துருப்பிடிக்காத உலோகக் கலவை அம்மா, எடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் முடியாது. படலம் மூடியபின் அது சுவருக்குள் புதைந்த கம்பி, நம் தூணுக்குள் இருக்கும் கம்பி மாதிரி. புல் சீக்கிரம் படர நாம் ஏதாவது செய்யலாமா என்று கேட்டார் இன்னொருவர். செய்யலாம். சர்க்கரை அதிகமாக இருந்தாலும் புகை பிடித்தாலும் அந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பது குறைகிறது, ஆறுவதும் தாமதமாகிறது. நடந்தால் ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும், அந்த உரசலையே படலம் உணர்ந்து அதிகம் சுரக்கும். சிகரெட் பற்றி நான் சொன்னபோது பின்வரிசையில் இருவர் ஜன்னலைப் பார்த்தார்கள்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. உள்ளே மூடிவிட்டது என்று எப்படித் தெரியும்? வெளிச்சத்தை உள்ளே அனுப்பிப் படம் எடுக்கும் கருவி இருக்கிறது. அதற்கும் திரும்பக் குழாய்க்குள் வயர் விடணும். எல்லோருக்கும் செய்வதில்லை. அதனால் டாக்டர்கள் நாள்காட்டியை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு இது பதினோராவது மாதம். ஸ்டென்ட் வைத்த தேதி, அதன் பெயர், இரண்டு மாத்திரையின் பெயர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, பேங்க் பாஸ்புக் வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நம் கட்டடத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர் என்று கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. மற்ற நால்வருக்கும் அந்த அட்டையை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.